வீட்டில் அணு உலை வேண்டாம், எக்ஸெல் போதும்!

வீட்டுக்குப் புதிதாக கம்ப்யூட்டர் வந்து, இண்டர்நெட் இணைப்பும் கிடைத்துவிட்டால் முதல் சில மாதங்கள் எல்லோரும் செய்யும் வேலை ஒன்றுதான். மனதில் தோன்றுவதை எல்லாம் தேடிப் பார்ப்பது! சோப்பு செய்வது எப்படி, இன்வெர்ட்டர் செய்வது எப்படி, டிரோன் செய்வது எப்படி என்று போகும் இந்தத் தேடல் ஒரு நாள் "வீட்டிலேயே அணு உலை செய்வது எப்படி" என்பதிலும் வந்து நிற்கும். அதற்கும் பதில் வரும். படங்கள் வரும், வீடியோக்கள் வரும்.

எங்கள் குமாரபாளையத்தில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே வளரும் பிள்ளைகளுக்கு எந்த மெஷினைப் பார்த்தாலும் கழற்றி மாட்டிப் பார்க்கும் ஆர்வம் சிறு வயதிலேயே வந்துவிடும். நல்ல ஆர்வம்தான். பழைய ரேடியோவைக் கழற்றலாம், மிக்ஸியைக் கழற்றலாம். ஆனால் அணு விஷயத்தில் மட்டும் இந்த ஆர்வம் கம்ப்யூட்டர் திரைக்குள்ளேயே நிற்க வேண்டும். ஏன் என்பதை உங்கள் கம்ப்யூட்டரிலேயே கணக்குப் போட்டுப் பார்த்துத் தெரிந்து கொள்வதுதான் இந்த மாதப் பாடம். எக்ஸெல் தெரியாதவர்களும் பயப்பட வேண்டாம். மவுசைப் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

கொட்டகையில் உலை கட்டிய மாணவர்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டேவிட் ஹான் என்ற 17 வயது மாணவர் இருந்தார். 1994ம் ஆண்டு தன் தாயார் வீட்டுத் தோட்டக் கொட்டகையில் அணு உலை கட்ட முயன்றார். இதற்காக விளக்கு மேன்டில்களையும் ஸ்மோக் டிடெக்டர்களையும் பழைய கடிகாரங்களையும் சேகரித்தார்.

மேன்டில் நமக்குத் தெரிந்த பொருள்தான். கோவில் திருவிழாவிலும் கல்யாண ஊர்வலத்திலும் தலையில் தூக்கி வந்த பெட்ரோமாக்ஸ் விளக்கில் வெள்ளை வலை போல் தொங்குமே, அதுதான். பழைய மேன்டில்களில் தோரியம் இருந்தது. அந்தத் தோரியம், கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட் என்ற தாதுவிலும் இருக்கிறது. புகை வந்தால் சத்தம் போடும் ஸ்மோக் டிடெக்டர்களில் ஒரு வகையில் அமெரிசியம் என்ற கதிரியக்கப் பொருள் மிகச் சிறிதளவு இருக்கும். பழைய கடிகார முட்களில் ரேடியம் பூசியிருந்தார்கள்.

இவற்றை எல்லாம் சேர்த்த டேவிட்டுக்கு அணு உலை கிடைக்கவில்லை. உலை என்று சொல்லும் நிலைக்குப் பக்கத்தில் கூட அவர் போகவில்லை. கதிரியக்கம் மட்டும் கிடைத்தது. கொட்டகையைத் தாண்டியும் கதிர்வீச்சு தெரிய ஆரம்பித்தது. 1995ல் அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறை ஆட்கள் பாதுகாப்பு உடையில் வந்து கொட்டகையைப் பிரித்து, பீப்பாய்களில் அடைத்து, அணுக் கழிவாகப் புதைக்கக் கொண்டு போனார்கள்.

2011ல் ஸ்வீடனில் ஒருவர் தன் வீட்டுச் சமையலறை அடுப்பிலேயே இதே வேலையை ஆரம்பித்தார். பாதி வேலையில் சந்தேகம் வந்து, "நான் செய்வது சட்டப்படி சரியா?" என்று அரசுத் துறைக்கே எழுதிக் கேட்டார். பதிலுக்குப் போலீஸ் வந்தது!

ஏன் முடியாது? ஒரு சின்னக் கணக்கு

எக்ஸெல்லைத் திறந்து கொள்ளுங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க், கூகுள் ஷீட்ஸ் எதையும் பயன்படுத்தலாம். கட்டம் கட்டமாகத் தெரியும் ஒவ்வொன்றுக்கும் செல் என்று பெயர்.

ஒரு ஸ்மோக் டிடெக்டரில் உள்ள அமெரிசியம் சுமார் 0.29 மைக்ரோ கிராம், அதாவது 0.00000029 கிராம். ஒரு கிராம் சேர்க்க எத்தனை டிடெக்டர் வேண்டும்? ஏதாவது ஒரு செல்லில் மவுசால் கிளிக் செய்து =1/0.00000029 என்று டைப் செய்து என்டர் கீயை அழுத்துங்கள். சமக்குறி முதலில் வந்தால்தான் எக்ஸெல் அதைக் கணக்கு என்று எடுத்துக் கொள்ளும்.

விடை சுமார் 34 லட்சம்! ஒரு டிடெக்டர் 500 ரூபாய் என்று வைத்துக் கொண்டால், பக்கத்து செல்லில் சமக்குறி போட்டு, விடை வந்த செல்லைக் கிளிக் செய்து, *500 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். 172 கோடி ரூபாய் என்று வரும். இவ்வளவு செலவு செய்தாலும் கையில் இருப்பது ஒரு கிராம்தான்.

பெட்ரோமாக்ஸ் மேன்டில் கதையும் இதுதான். தோரியம் நேரடியாக எரிபொருள் ஆகாது. அதை ஏற்கனவே ஓடுகிற ஒரு உலைக்குள் வைத்து, நியூட்ரான்கள் தாக்கி யுரேனியம் 233 ஆக மாறிய பிறகு, பிரித்து எடுக்க வேண்டும். கல்பாக்கத்தில் 1996ல் இயங்கத் தொடங்கிய காமினி என்ற ஆராய்ச்சி உலை இந்த யுரேனியம் 233ல் இயங்குமாறு கட்டப்பட்டது. அதன் திறன் வெறும் 30 கிலோவாட். அந்தச் சிறிய உலைக்கே ஒரு தேசத்தின் விஞ்ஞானிகளும் தொழிற்சாலைகளும் பல வருடம் உழைக்க வேண்டியிருந்தது. மண்ணில் கிடைக்கும் இயற்கை யுரேனியத்திலும் எளிதில் பிளவுபடும் யுரேனியம் 235, நூறு பங்கில் ஒரு பங்கு கூட இல்லை. 0.7 சதவீதம்தான்.

ஆக, வீட்டில் உலை கட்ட முடியாது. "அப்புறம் என்ன பயம்? முயன்று பார்த்துவிட்டு விட்டுவிடலாமே" என்று கேட்பீர்கள். உலை உருவாகாது, ஆனால் ஆபத்து உருவாகும். அதற்கு ஒரு கையளவு பொருள் போதும். அமெரிக்கா வரை போக வேண்டாம், டெல்லியைப் பாருங்கள்.

மாயாபுரி 2010

டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் 1968 முதல் காமா செல் என்ற ஆய்வுக் கருவி ஒன்று இருந்தது. அதற்குள் கோபால்ட் 60 என்ற கதிரியக்க உலோகம், கனமான ஈயக் கவசத்துக்குள் பத்திரமாக இருந்தது. 1985க்குப் பிறகு அந்தக் கருவியை யாரும் பயன்படுத்தவில்லை. 2010 பிப்ரவரியில் பழைய சாமான்களோடு அதுவும் ஏலத்தில் விற்கப்பட்டு, மேற்கு டெல்லியில் உள்ள மாயாபுரி பழைய இரும்புச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஈயத்துக்கு நல்ல விலை. எனவே அங்கிருந்த தொழிலாளர்கள் வழக்கம் போல அதை உடைத்துப் பிரித்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. கோபால்ட் பல துண்டுகள் ஆனது. பளபளப்பான சின்னத் துண்டு ஒன்றை ஒருவர் தன் பர்ஸிலேயே வைத்துக் கொண்டார். சில நாட்களில் வாந்தி, முடி உதிர்தல், தோல் கருகுதல் என்று ஒவ்வொருவராக மருத்துவமனைக்குப் போனார்கள். மருத்துவர்கள் சந்தேகப்பட்ட பிறகுதான் ஏப்ரலில் விஷயம் வெளியே வந்தது. அணுசக்தித் துறை நிபுணர்கள் வந்து துண்டுகளைத் தேடி எடுத்தார்கள். தொழிலாளர்களில் ஒருவர் இறந்து போனார். அணு விபத்துகளை அளக்கும் 7 படி சர்வதேச அளவுகோலில் இது 4வது படி என்று மதிப்பிடப்பட்டது.

இங்கே ஒரு கேள்வி. 25 வருடம் மூலையில் கிடந்த கருவிக்கு இவ்வளவு சக்தி எப்படி மிச்சம் இருந்தது? கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்தால் நின்று விடுகிறது. கதிரியக்கப் பொருளுக்கு ஷட் டவுன் கிடையாது, ஸ்விட்ச் கிடையாது. அது தானாகத்தான் குறைய வேண்டும். எவ்வளவு குறைந்தது என்று நாமே பார்ப்போம்.

பயிற்சி 1: அரை ஆயுள் அட்டவணை

ஒரு கதிரியக்கப் பொருளின் வீரியம் பாதியாகக் குறைய ஆகும் காலத்தை அரை ஆயுள் என்பார்கள். கோபால்ட் 60க்கு இது 5.27 வருடம். முதல் 5.27 வருடத்தில் பாதி போகும். அடுத்த 5.27 வருடத்தில் மீதி முழுவதும் போகாது, மீதியில் பாதிதான் போகும்.

1. புதிய ஷீட்டில் முதல் வரிசையின் மூன்று செல்களில் தடவை, வருடம், மீதி என்று தலைப்புகளை டைப் செய்யுங்கள். தமிழில் டைப் செய்ய வராவிட்டால் ஆங்கிலத்தில் அடித்தாலும் கணக்கு ஒன்றுதான்.

2. இரண்டாவது வரிசையில் 0, 1968, 100 என்று டைப் செய்யுங்கள். 1968ல் கோபால்ட் புதிதாக 100 சதவீத வீரியத்துடன் இருந்தது என்று வைத்துக் கொள்கிறோம்.

3. மூன்றாவது வரிசையின் முதல் செல்லில் சமக்குறி போட்டு, மேலே உள்ள 0 என்ற செல்லைக் கிளிக் செய்து, +1 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். இரண்டாவது செல்லில் சமக்குறி, மேலே உள்ள 1968 மீது கிளிக், பிறகு +5.27, என்டர். மூன்றாவது செல்லில் சமக்குறி, மேலே உள்ள 100 மீது கிளிக், பிறகு /2, என்டர். இப்போது 1, 1973.27, 50 என்று தெரியும்.

4. இந்த மூன்று செல்களையும் மவுசால் இழுத்துத் தேர்ந்தெடுங்கள். தேர்வின் வலது கீழ் மூலையில் ஒரு சின்னச் சதுரம் இருக்கும். அதன் மீது மவுசைக் கொண்டு போனால் பாயிண்டர் கூட்டல் குறியாக மாறும். அப்படியே பிடித்துப் பத்தாவது வரிசை வரை கீழே இழுத்து விடுங்கள். ஒரு நொடியில் முழு அட்டவணையும் நிரம்பி விடும்.

கடைசி வரிசையைப் பாருங்கள். தடவை 8, வருடம் 2010.16, மீதி 0.390625. அதாவது ஏலம் நடந்த 2010 பிப்ரவரிவாக்கில், ஆரம்பத்தில் இருந்ததில் அரை சதவீதம் கூட இல்லை. 256 பங்கில் ஒரு பங்கு! அந்த ஒரு பங்குதான் ஒரு மனிதரின் உயிரை எடுத்தது.

இந்த வரியைச் சற்று நேரம் பாருங்கள். "பழசாகிவிட்டது, இனி ஒன்றும் செய்யாது" என்ற நம் வழக்கமான கணக்கு இங்கே எடுபடாது. 5.27 என்பதை மாற்றி வேறு பொருட்களையும் போட்டுப் பார்க்கலாம். சீசியம் 137க்கு சுமார் 30 வருடம், அமெரிசியம் 241க்கு சுமார் 432 வருடம், ரேடியம் 226க்கு சுமார் 1600 வருடம். ரேடியத்தைப் போட்டால் உங்கள் அட்டவணை 14768ம் வருடத்தில் போய் நிற்கும். டேவிட் கொட்டகையில் சேர்த்து வைத்தது இந்த மாதிரிப் பொருட்களைத்தான்.

வருடம், மீதி ஆகிய இரண்டு நெடுவரிசைகளையும் தேர்ந்தெடுத்து, இன்செர்ட் மெனுவில் சார்ட் பகுதியில் ஸ்கேட்டர் வகையைக் கிளிக் செய்தால் கோடு வளைந்து இறங்குவதைப் படமாகவே பார்க்கலாம். கோடு தரையை நெருங்கும், ஆனால் தொடாது.

பயிற்சி 2: பர்ஸ் கணக்கு

பர்ஸில் வைத்தவர் ஏன் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்? சின்னத் துண்டுதானே? இதற்கும் ஒரு அட்டவணை போடலாம். இரண்டு மடங்கு பக்கத்தில் போனால் கதிர்வீச்சு நான்கு மடங்காகும். பத்து மடங்கு பக்கத்தில் போனால் நூறு மடங்காகும். விளக்கு வெளிச்சத்துக்கு உள்ள அதே விதிதான்.

ஒரு நெடுவரிசையில் 100, 50, 25, 10, 1 என்று சென்டிமீட்டர் அளவுகளைக் கீழே கீழே டைப் செய்யுங்கள். 100க்கு வலது பக்க செல்லில் சமக்குறி, அடைப்புக்குறி, 100, வகுத்தல் குறி என்று டைப் செய்து, இடது பக்கம் உள்ள 100 என்ற செல்லைக் கிளிக் செய்து, அடைப்புக்குறியை மூடி, ^2 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். இந்த ^ குறி ஷிப்ட் கீயோடு 6ஐ அழுத்தினால் வரும். பிறகு அந்த செல்லின் மூலையைப் பிடித்துக் கீழே இழுங்கள்.

1, 4, 16, 100, 10000 என்று வரும். ஒரு மீட்டர் தள்ளி நிற்பவருக்குக் கிடைப்பதைப் போல் பத்தாயிரம் மடங்கு, ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் கிடைக்கும். பர்ஸுக்கும் உடம்புக்கும் இடையே அந்த ஒரு சென்டிமீட்டர் கூட இருக்காது. மருத்துவமனைகளிலும் தொழிற்சாலைகளிலும் இதைக் கையாளுபவர்கள் தூரம், நேரம், கவசம் என்ற மூன்றையும் மந்திரம் போல் சொல்வது இதனால்தான். ஆர்வக் கோளாறில் கையில் எடுத்துப் பார்ப்பவர் மூன்றையும் ஒரே நேரத்தில் கைவிடுகிறார்.

பயிற்சி 3: நாணய விளையாட்டு

இதற்குக் கரண்ட் கூட வேண்டாம். 64 நாணயங்களை ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கித் தரையில் கொட்டுங்கள். தலை விழுந்தவற்றை எடுத்துத் தள்ளி வையுங்கள். மீதியை எண்ணி எக்ஸெல்லில் எழுதுங்கள். மீண்டும் குலுக்குங்கள். 32, 16, 8 என்று கச்சிதமாக வராது. 35, 17, 7 என்று வரலாம். எந்த நாணயம் எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் மொத்தம் ஏறக்குறைய பாதியாகிக் கொண்டே போகும். அணுக்களும் இப்படித்தான் சிதைகின்றன. வீட்டில் செய்யக்கூடிய அருமையான அணு விஞ்ஞானப் பரிசோதனை இது. பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்யுங்கள்.

இங்கே அன்டூ கிடையாது

எக்ஸெல்லில் தப்பாக எதையாவது அழித்துவிட்டால் கண்ட்ரோல் கீயோடு இசட் கீயை அழுத்துகிறோம். போனது திரும்பி வருகிறது. தப்பான பார்முலா போட்டால் உடனே எர்ரர் மெசேஜ் வருகிறது. கம்ப்யூட்டரில் துணிச்சலாக எதையும் செய்து பார்க்கலாம் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்கு இந்த இரண்டும்தான் காரணம்.

கதிரியக்கத்தில் இந்த இரண்டுமே இல்லை. தறியில் ஓர் இழை அறுந்தால் கண்ணுக்குத் தெரியும். தறியை நிறுத்தி முடிச்சுப் போட்டுவிட்டு மறுபடி ஓட்டலாம். நம் உடலின் செல்லுக்குள்ளும் டிஎன்ஏ என்ற இழை இருக்கிறது. காமா கதிர் அதை அறுக்கும்போது சத்தம் வராது, சூடு தெரியாது, வலிக்காது. எலும்பு மஜ்ஜையும் குடலும் தோலும் பழுதான விஷயம் சில நாளோ சில வாரமோ கழித்துத்தான் தெரியும். அப்போது முடிச்சுப் போட நேரம் கடந்திருக்கும்.

இதில் அழகு வேறு ஏமாற்றும். 1987ல் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட மருத்துவமனையிலிருந்து எடுத்து வந்த கருவியை உடைத்தபோது உள்ளே இருட்டில் நீலமாக ஒளிரும் பொடி இருந்தது. அது சீசியம் 137. அழகாக இருக்கிறதே என்று உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் பங்கு வைத்தார்கள். 4 பேர் இறந்தார்கள். அதில் ஒருத்தி 6 வயதுச் சிறுமி. 1 லட்சத்துக்கும் அதிகமான மக்களைப் பரிசோதிக்க வேண்டி வந்தது. வீடியோவில் நீலமாக ஒளிரும் எதையாவது காட்டினால் இந்தச் சிறுமியை நினைத்துக் கொள்ளுங்கள்.

தேடும்போது கேட்க வேண்டிய கேள்விகள்

இண்டர்நெட்டில் எந்தச் செய்முறையைப் பார்த்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

* இதைச் சொல்பவர் யார்? பெயரும் படிப்பும் பணிபுரியும் நிறுவனமும் தெரிகிறதா?
* தப்பாகப் போனால் என்ன ஆகும் என்று சொல்கிறாரா? மிச்சமாகும் கழிவை என்ன செய்வது என்று சொல்கிறாரா?
* தப்பு நடந்தால் எனக்கு உடனே தெரியுமா? அதைத் திருத்த முடியுமா?

மூன்றாவது கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். மொபைலில் கதிர்வீச்சு அளக்கும் ஆப் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அவற்றில் பல வெறும் விளையாட்டு. உயிரை நம்பி ஒப்படைக்கும் கருவி அது இல்லை. மேலும் கதிரியக்கப் பொருட்களை அனுமதியின்றி வாங்கிச் சேர்ப்பது நம் நாட்டில் சட்டப்படி குற்றம். மருத்துவமனையோ தொழிற்சாலையோ கல்லூரியோ, யாராக இருந்தாலும் 1983ல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும்.

இன்னொரு விஷயம், பழைய இரும்புக் கடை வைத்திருப்பவர்களுக்கும் அங்கே வேலை செய்பவர்களுக்கும். மஞ்சள் பின்னணியில் நடுவில் ஒரு புள்ளியும் அதைச் சுற்றி மூன்று விசிறி இலைகளும் உள்ள சின்னத்தைப் பார்த்தால் அந்தப் பொருளை உடைக்காதீர்கள், வெட்டாதீர்கள். அளவுக்குப் பொருந்தாத கனம் உள்ள ஈயப் பெட்டியையும் அப்படியே விட்டு விலகி நில்லுங்கள். மற்றவர்களையும் விலக்கிவிட்டு 112க்குப் போன் செய்யுங்கள். இந்தச் சின்னத்தின் படத்தை இண்டர்நெட்டில் தேடி எடுத்து, ஒரு பிரிண்ட் போட்டு உங்கள் பகுதி இரும்புக் கடைக்காரருக்குக் கொடுத்தால், புதிய பிரிண்டருக்கு அதைவிட நல்ல முதல் வேலை இருக்காது.

அணு விஞ்ஞானத்தில் உண்மையான ஆர்வம் உள்ள பிள்ளைகளின் ஆர்வத்தை அணைத்துவிடாதீர்கள். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் நடத்தும் ஃபெட் என்ற இணையதளத்தில் அணுக்கருவைத் திரையிலேயே கட்டிப் பார்க்கும் சிமுலேஷன்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இயற்பியலும் கணக்கும் நன்றாகப் படித்தால் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் போன்ற இடங்களில், முறையான பயிற்சியும் கவசமும் சுற்றிலும் அனுபவசாலிகளும் இருக்க, நிஜமான உலைக்குப் பக்கத்திலேயே வேலை செய்யலாம்.

அதுவரை இன்று செய்த அட்டவணையை ஒரு பெயர் கொடுத்து சேவ் செய்து வையுங்கள். 5.27 இருக்கும் இடத்தில் வேறு வேறு எண்களைப் போட்டுப் பாருங்கள். எத்தனை முறை தப்பாகப் போட்டாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது.